துக்கம் கேட்க ஒரு வினைச்சொல்

ஸ்பானிய பாஷையில் 'செந்திர்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. முதல் தடவை அது காதில் விழுந்தபோது, யாரோ நம் ஊர்ப் பையனைச் செந்தில் என்று கூப்பிடுகிறார்கள் என்றே திரும்பிப் பார்த்தேன். உணர்வது என்று அதற்கு அர்த்தம். குளிரை உணர்வது, பயத்தை உணர்வது, வெட்கத்தை உணர்வது எல்லாம் செந்திர்தான். வருத்தப்படுவதற்கும் அதே சொல். சில பேருடைய வாயில் காதால் கேட்பதற்கும் அதே சொல். (நம் எழுத்தில் அதை 'ந்த' என்றுதான் போட முடிகிறது. அவர்கள் அந்தத் தகரத்தை மெலியவிடாமல் வலித்தே சொல்வார்கள். வாசகர்கள் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

45 கோடி ஜனங்களுக்கு மேல் தாய்மொழியாகப் பேசுகிற பாஷை அது. அதில் எனக்கு மிஞ்சியது ஏறத்தாழ இந்த ஒரு சொல்தான். காய்கறிகளின் பெயர் மறந்துவிட்டது, கிழமைகள் மறந்துவிட்டன. இது மட்டும் மறக்கவில்லை. மறக்காததற்கு என் ஞாபக சக்தி காரணம் அல்ல.

2018-ம் வருஷம் செப்டம்பர் மாதம் நான் மாட்ரிட் நகரத்துக்குப் போனேன். தம்பி அங்கே வேலையில் இருக்கிறான். அவன் மனைவிக்குப் பிரசவ சமயம். அம்மாவுக்கு விமானம் ஏறும் தெம்பு இல்லை. என் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு இல்லை. எழுத்தாளனுக்கு லீவு என்ற பிரச்னையே கிடையாது அல்லவா? "90 நாள் விசா, அண்ணா. நீ சும்மா வந்து கூட இருந்தால் போதும்" என்றான் தம்பி. அவனுடைய மாமியார் சமையலைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு, கடைக்குப் போய் வருவதும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதும் உத்தியோகம்.

வீடு லவாப்பியெஸ் என்ற பேட்டையில் இருந்தது. பழைய பேட்டை, வங்காள தேசத்துக்காரர்களின் கடைகள் நிறைய. நாங்கள் இருந்த கட்டிடம் 'கொர்ராலா' என்று அவர்கள் சொல்கிற வகை. நடுவில் ஒரு முற்றம். அதைச் சுற்றி நாலு பக்கமும், மாடிக்கு மாடி, திறந்த நடைபாதை. நடைபாதை ஓரமாக வரிசையாக வீட்டுக் கதவுகள். திருவல்லிக்கேணி ஸ்டோர்களைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு வர்ணிக்க வேண்டியதில்லை. துணி உலர்த்துகிற கொடி முதற்கொண்டு அப்படியே. கல்தோஸ் என்ற நாவலாசிரியர் 1887-ல் முடித்த 'ஃபோர்துனாதாவும் ஹஸிந்தாவும்' என்ற பெரிய நாவலில் இப்படி ஒரு கொர்ராலாவுக்குள் வாசகனைக் கூட்டிப்போய் ஒவ்வொரு கதவாகக் காட்டுகிறார். நாவல் எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல ஜாகை அமையாது.

அடுத்த கதவு ஒரு வயதான தம்பதியுடையது. பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவர். நம் ஊர்க் கணக்கில் கம்பாஸிட்டர். நான் கதை எழுதுகிறவன் என்று தம்பி சொல்லி வைத்திருந்தான். அன்றையிலிருந்து, வெயில் நடைபாதையில் விழுகிற நேரத்தில், எனக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்து வார்த்தை. எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் அதற்கும் கொஞ்சம் குறைவு. ஆனாலும் பொழுது போயிற்று. சின்ன வயதில் எங்கள் ஊர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறதை மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்தவன் நான். எழுத்துப் பெட்டியைப் பார்க்காமலே விரல் போய் எழுத்தைப் பொறுக்குமே, அந்தக் கையசைவை நான் செய்து காட்டினேன். அவர் ஹோவென்று சிரித்து, அதே கையசைவை இரு மடங்கு வேகத்தில் செய்து காட்டினார். சிநேகம் அதோடு ஸ்திரப்பட்டுவிட்டது.

அந்த அம்மாள் கொஞ்சம் வேறு மாதிரி. குறைந்த பேச்சு. ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, நேற்று ராத்திரி நீங்கள் வருவதை உணர்ந்தேன் என்றாள். நான் அகராதியைப் பார்த்துச் செய்துகொண்ட அர்த்தம் அப்படி. ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தைக்கு மருந்து வாங்கிக்கொண்டு நான் திரும்பியது வாஸ்தவம். கதவு சாத்தியிருந்த வீட்டுக்குள்ளிருந்து இந்த அம்மாள் எப்படி உணர்ந்தாள்? ஏதோ மந்திர சக்தி உள்ளவள் போலிருக்கிறது என்று நினைத்து அவளிடம் இரண்டு நாள் ஜாக்கிரதையாகவே இருந்தேன். பிறகு தம்பிதான் சொன்னான்: "காலடிச் சத்தம் கேட்டதுன்னு சொல்லியிருக்கா, அண்ணா. அதுக்கும் செந்திர்தான்."

அந்தச் சொல்லை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

மாலை வேளையில் பக்கத்துத் தெருவில் வெளிநாட்டுக்காரர்களுக்கு இலவசமாக ஸ்பானிஷ் சொல்லிக் கொடுத்தார்கள். வங்காள தேசத்துப் பையன்கள் ஏழெட்டுப் பேர், செனகல் தேசத்து வாலிபர்கள், மொராக்கோவிலிருந்து வந்த இரண்டு பெண்கள், நான். அவர்களுக்கெல்லாம் அந்தப் பாஷை வயிற்றுப்பாடு. எனக்கு ஒருவனுக்குத்தான் பொழுதுபோக்கு. அந்த வெட்கத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

வாத்தியார் பென்ஷன் வாங்குகிற பழைய பள்ளி ஆசிரியர். தம் பாஷையின் இலக்கணத்தில் அவருக்கு அபாரப் பெருமை. ஐரோப்பாவில் ஜனங்கள் பேசுகிற பாஷை ஒன்றுக்கு முதல் முதலாக அச்சில் வந்த இலக்கணம் தங்களுடையது என்றும், 1492-ல் நெப்ரிஹா என்ற பண்டிதர் அதைச் சலமன்காவில் வெளியிட்டார் என்றும் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். தொல்காப்பியத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல எனக்கு நாக்குத் துடிக்கும். வார்த்தை போதாது. நல்லவேளை, இல்லாவிட்டால் வகுப்பு கெட்டிருக்கும்.

அவர் ஒரு நாள் கரும்பலகையில் செந்திரின் நிகழ்கால ரூபங்கள் ஆறையும் எழுதினார். நான் உணர்கிறேன், சியெந்தோ. நீ உணர்கிறாய், சியெந்தெஸ். அவன் உணர்கிறான், சியெந்தே. நாம் உணர்கிறோம், செந்திமோஸ். நீங்கள் எல்லாரும், செந்தீஸ். அவர்கள், சியெந்தென். ஒருமை மூன்றையும் இடது பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாகவும், பன்மை மூன்றையும் வலது பக்கத்திலும் எழுதிவிட்டு, முதல் எழுத்து 'சியெ' என்று மாறிய நாலு ரூபங்களைச் சுற்றி ஒரு கோடு போட்டார். பார்த்தால் பூட்ஸ் மாதிரி இருந்தது. பையன்கள் சிரித்தார்கள்.

"ஏன் நாலு மாறுகிறது, இரண்டு மாறவில்லை?" என்று நான் கேட்டேன். இலவச வகுப்பில் இப்படிக் கேட்கிறவனை யாருக்கும் பிடிக்காது. வாத்தியாருக்குப் பிடித்தது. பாதிக்குமேல் எனக்குப் புரியவில்லை. மீதியைத் தம்பியிடம் கேட்டுக்கொண்டேன். விஷயம் இதுதான். லத்தீனில் இருந்த குறில் எகரம், அழுத்திச் சொல்லும் அசையில் வந்தால், ஸ்பானிஷில் 'இயெ' என்று இரண்டாகப் பிளந்துவிடும். பூமிக்கு லத்தீனில் தெர்ரா, ஸ்பானிஷில் தியெர்ரா. ஏழுக்கு அங்கே செப்தெம், இங்கே சியெதெ. 'சியெந்தோ' என்கிறபோது அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, ஆகவே பிளக்கிறது. 'செந்திமோஸ்' என்கிறபோது அழுத்தம் நகர்ந்து அடுத்த அசைக்குப் போய்விடுகிறது. முதல் அசை தப்பித்துக்கொள்கிறது. நான், நீ, அவன் என்று தனித்தனியாக உணர்ந்தால் உயிரெழுத்து உடைகிறது. நாம் என்று சேர்ந்து உணர்ந்தால் உடையவில்லை. இதில் தத்துவம் ஒன்றும் கிடையாது, வெறும் உச்சரிப்புச் சமாசாரம்தான். இருந்தாலும் அன்று ராத்திரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இறந்த காலத்தில் வேறொரு கூத்து. நான் உணர்ந்தேன், செந்தீ. நீ உணர்ந்தாய், செந்திஸ்தெ. இதுவரை பரம சாது. அவர் உணர்ந்தார் என்கிறபோது மட்டும் சிந்தியோ. அவர்கள் என்றால் சிந்தியெரோன். பின்னால் வருகிற 'இயோ'வும் 'இயெ'வும் முன்னால் இருக்கிற எகரத்தைத் தங்கள் பக்கமாக இழுத்து இகரம் ஆக்கிவிடுகின்றன. மரியாதையாக 'உஸ்தெத்' என்று ஒருவரைக் கூப்பிட்டுப் பேசினாலும் இந்தப் படர்க்கை ரூபமே வரும். "ஐயா எப்போது வந்தார்கள்?" என்று எதிரே நிற்கிறவரையே நம் பக்கத்தில் கேட்பதில்லையா, அந்த மாதிரி. இந்த ரூபம் மட்டும் எனக்கு மனப்பாடமாகாமல் படுத்தியது. மூன்று தடவை தப்பாகச் சொல்லி வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உட்காருவதற்கு 'செந்தார்ஸெ' என்று இன்னொரு சொல் இருக்கிறது. அதற்கும் இதற்கும் தன்மை ஒருமை ஒன்றாகப் போய்விடுகிறது. 'மெ சியெந்தோ' என்றால் 'உட்காருகிறேன்' என்றும் கொள்ளலாம். பின்னால் நன்றாக, மோசமாக என்று ஏதாவது வந்தால் 'என் நிலைமை இப்படி இருக்கிறது' என்றும் கொள்ளலாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று வாத்தியார் கேட்ட கேள்விக்கு ஒரு பையன், நாற்காலியில் என்று பதில் சொன்னான். தப்பு என்று சொல்ல முடியவில்லை.

நம்முடைய 'உணர்' என்ற சொல் சங்கடமே இல்லாதது. உணர்கிறேன், உணர்ந்தேன், உணர்வேன். ஆனால் யார் அப்படிப் பேசுகிறார்கள்? "நான் வருத்தத்தை உணர்கிறேன்" என்று மொழிபெயர்ப்பு நாவல்களில்தான் ஆட்கள் சொல்வார்கள். எனக்கு வருத்தமாயிருக்கிறது, எனக்கு வலிக்கிறது என்றுதான் நாம் சொல்கிறோம். வருத்தமும் வலியும் எங்கிருந்தோ நம்மைத் தேடி வருகின்றன. ஸ்பானியரும் தலைவலிக்கு நம்மைப் போலவே "எனக்குத் தலை வலிக்கிறது" என்கிறார்கள். "நான்" என்று ஆரம்பிப்பதில்லை. உண்மையாகவே நெஞ்சில் படுகிற நம் சொல் 'நோ' என்று தோன்றுகிறது. அதுவும் ஒழுங்கான சொல் அல்ல. நோகிறது என்று நீளமாக நிற்பது, நடந்து முடிந்ததும் நொந்தது என்று சுருங்கிவிடுகிறது.

நவம்பர் மாதம் பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன், வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது, திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவார் என்று கொர்ராலா முழுக்க எல்லாருக்கும் தெரியும். இரண்டு இரவுகள் அந்த அம்மாள் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே தூங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம், இன்றைக்காவது வீட்டில் போய்ப் படு என்று பெரியவரே விரட்டினாராம். அவள் படி ஏறி வருகிறபோது நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த மாதிரிச் சமயத்தில் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை: "லோ சியெந்தோ." அதை நான் உணர்கிறேன் என்பது வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம், வருந்துகிறேன் என்பது வழக்கு. மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லும். எனக்கு அது போதவில்லை. எழுத்தாளன் புத்தி. கூட்டத்தில் காலை மிதித்தவன் மாதிரி இரண்டு வார்த்தையில் முடிப்பதா, ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டாமா என்று தோன்றியது. "உங்கள் கணவருக்கு உடம்பு சரியில்லாமல் இருப்பதற்கு வருந்துகிறேன்." இதைத்தான் சொல்ல நினைத்தேன். நான் சொன்னது இது:

"சியெந்தோ கெ ஸு மரீதோ எஸ்தா மால்."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள்.

"போர் கெ லோ சியெந்தே உஸ்தெத்?"

ஏன் வருந்துகிறீர்கள் என்று கேட்கிறாளே, இது என்ன கேள்வி என்று எனக்கு ஆச்சரியமாயிருந்தது. தெரிந்த வார்த்தைகளைப் பொறுக்கிப் போட்டேன். "அவர் என் சிநேகிதர். நேற்று ராத்திரி நான் தூங்கவில்லை. அவரை நினைத்துக்கொண்டிருந்தேன்." தூங்கவிடாமல் செய்தது குழந்தை. ஆனால் அவரை நினைத்ததும் பொய்யல்ல.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக் கதவு இன்னும் பத்துப் படி மேலே இருந்தது. அங்கே போகாமல் திரும்பிக் கீழே இறங்கினாள். வாசலில் டாக்ஸியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அவர்கள் பாஷையில் சொன்னால், அந்தச் சத்தத்தை உணர்ந்தேன். அநாவசியமாகப் பேசிப் புண்படுத்திவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பால் வாங்கப் போனேன்.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்குப் பெரியவர் இறந்துபோனார். கல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, இருதயம் நின்றுவிட்டது. அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

அந்த ஊரில் பிரேதத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது அபூர்வம். அதற்கென்றே தனிக் கட்டிடங்கள் இருக்கின்றன. தனதோரியோ என்று பெயர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அறை. ஒரு பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் புறம் பெட்டி. உறவுக்காரர்கள் சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர்கள் கன்னத்தில் கன்னம் வைத்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ஓரமாக நிற்பார்கள். நம் பக்கத்தில் துக்கம் கேட்கப் போனால் வார்த்தை வேண்டியதில்லை. போய் உட்கார்ந்தால் போதும். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடலாம். அங்கே வாயைத் திறந்தாக வேண்டும்.

ரயிலில் போகும்போது தம்பி எனக்கு ஒரு வாக்கியத்தைப் பாடம் பண்ணி வைத்தான். 'லே அக்கொம்பாஞ்ஞோ என் எல் செந்திமியெந்தோ.' தங்கள் உணர்வில் தங்களோடு கூட வருகிறேன் என்று அர்த்தம். செந்திமியெந்தோ என்பது செந்திருடைய குழந்தை. அதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் ஆங்கிலம் வழியாக நம் ஊருக்கு வந்து, சென்டிமென்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு சினிமாவில் அம்மா மகன் காட்சியாகவும், படக் கம்பெனிகளில் சகுனமாகவும் இருக்கிறான். சகுனம் என்ற அந்த இரண்டாவது அர்த்தம் அவனுக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

என் முறை வந்தது. ஒரு பிழை இல்லாமல் வாக்கியத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உஸ்தெத் லோ சிந்தியோ" என்றாள். "அந்தெஸ் கெ நாதியெ."

எல்லாருக்கும் முன்னால் நீங்கள் அதை உணர்ந்தீர்கள். பக்கத்தில் இருந்த தங்கையிடமும் என்னைக் காட்டி, இந்த இந்தியர்தான், இவர்தான் சிந்தியோ என்றாள். அந்தத் தங்கை எழுந்து நின்று என்னை முத்தமிட்டாள். சிந்தியோ, படர்க்கை, இறந்த காலம், எகரம் இகரமாகும் என்று உள்ளே ஒரு முட்டாள் ஒப்பித்துக்கொண்டிருந்தான். அன்றையிலிருந்து அந்த ரூபம் எனக்குத் தப்பவில்லை.

திரும்பும்போது தம்பி கேட்டான்: "என்ன அண்ணா இது? ஜோசியம் எல்லாம் எப்போ ஆரம்பிச்சே?"

படிக்கட்டில் நடந்ததைச் சொன்னேன்.

"வார்த்தைக்கு வார்த்தை சொல்லு. எஸ்தான்னு சொன்னியா, எஸ்தேன்னு சொன்னியா?"

"எஸ்தா."

அவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

விஷயம் ஒரு உயிரெழுத்து. 'இருக்கிறார்' என்று நடப்பைச் சொன்னால் எஸ்தா. அப்படி இருப்பது நம் மனசை என்ன செய்கிறது என்று சொல்ல வந்தால், அதே சொல் எஸ்தே என்று ஆகவேண்டும். 'சியெந்தோ கெ எஸ்தே மால்' என்றால் அவர் உடம்பு சரியில்லாமல் இருப்பதற்கு வருந்துகிறேன். 'சியெந்தோ கெ எஸ்தா மால்' என்றால், அவர் நிலைமை மோசமாக இருக்கிறது என்று என் உள்ளுணர்வு சொல்கிறது. 'லோ சியெந்தே' என்று அவள் கேட்ட கேள்வியிலும் இரண்டு அர்த்தமும் உண்டு. ஏன் உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது என்று அவள் கேட்டாள். நேற்று ராத்திரி தூக்கமில்லை, அவர் நினைவாகவே இருந்தது என்று நான் பதில் சொன்னேன்! திங்கட்கிழமை வீடு திரும்ப வேண்டிய புருஷனைப் பற்றி, இந்தியாவிலிருந்து வந்த ஒருவன் படிக்கட்டில் நிறுத்திச் சொல்லியிருக்கிறான்.

"அவளிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவே? இலக்கணப் பிழைன்னா? அந்தப் பிழையாலதான் அவ கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தா. விடு, அண்ணா."

விட்டேன். பிழை செய்தது எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை. அந்தப் பிழையால் கிடைத்த மரியாதைதான் உறுத்தியது. கொர்ராலாவில் என் நடையே மாறிவிட்டது. கிழவிகள் நடைபாதையில் வழிவிட்டார்கள். ஒருத்தி தன் பேத்தியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, ஒன்றும் கேட்காமல் நின்றாள். இருபது வருஷமாகக் கதை எழுதி எனக்குக் கிடைக்காத கௌரவம் ஒரு ஆகாரத்தில் கிடைத்தது.

மூன்று வாரம் கழித்து, ஊர் திரும்ப நாலு நாள் இருக்கும்போது, அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டாள். நடைபாதையில் அதே இரண்டு நாற்காலிகள். பெரியவருடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் மெதுவாக, எனக்குப் புரியவேண்டும் என்று சொல் சொல்லாகப் பிரித்துக் கேட்டாள். இப்போது அவர் எப்படி இருக்கிறார்? உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

உண்மையைச் சொல்லும் சந்தர்ப்பம் இதைவிட வாய்க்காது. வேண்டிய வார்த்தைகள் அத்தனையும் என்னிடம் இருந்தன. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நான் சாதாரண மனிதன். மூன்றுமே முதல் மாதத்துப் பாடம். முற்றத்தில் யாருடைய வெள்ளைத் துணியோ காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள்.

"சியெந்தோ கெ எஸ்தா த்ராங்கிலோ" என்றேன். அவர் நிம்மதியாக இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எஸ்தா. இந்தத் தடவை பிழை இல்லை. வாத்தியார் கேட்டிருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

அவள் தலையசைத்தாள். உள்ளே போய், பழைய துணியில் சுற்றிய ஒரு சாமானைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அவர் எழுத்துக் கோத்த ஸ்டிக். கட்டை விரல் படுகிற இடத்தில் இரும்பு தேய்ந்து பளபளவென்றிருந்தது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தும் வாங்கிக்கொண்டேன்.

அதற்கு மறுநாள்தான் கடைசி வகுப்பு. செந்திர் போலவே ரூபம் மாறுகிற மற்ற வினைச்சொற்களை வாத்தியார் வரிசையாக எழுதிப் போட்டார். ஒன்றைக் கற்றால் எல்லாம் வந்துவிடும் என்றார். எரிர் என்றால் காயப்படுத்துவது. அர்ரெபெந்திர்ஸெ என்றால் செய்ததற்கு மனம் வருந்துவது. மெந்திர் என்றால் பொய் சொல்வது. சியெந்தோ, மியெந்தோ, சிந்தியோ, மிந்தியோ. உணர்வதற்கும் பொய் சொல்வதற்கும் முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். உடைகிற இடம், உடையாத இடம் எல்லாம் ஒன்று. பையன்கள் உரக்க ஒப்பித்தார்கள். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது போல் குனிந்துகொண்டேன்.

2019-ம் வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த அம்மாளிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. நடுங்கின கையெழுத்தில் நாலு வரி. குழந்தை நடக்கிறது, குளிர் அதிகம், தம்பி காய்கறி வாங்கிக் கொடுக்கிறான். கடைசி வரி, நீங்கள் இங்கே இல்லாததற்கு வருந்துகிறேன் என்று. 'சியெந்தோ கெ நோ எஸ்தே.' அந்த ஏகாரத்தின் தலையில் இருந்த சிறு கோட்டை அழுத்திப் போட்டிருந்தாள். கம்பாஸிட்டர் சம்சாரம் அல்லவா? கோட்டில் தவறமாட்டாள்.

அதற்குப் பதில் இன்னும் போகவில்லை. அட்டை மேஜை மேல் இருக்கிறது. பக்கத்தில் ஸ்டிக்கும் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவையாவது காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். ஊர், தேதி, அன்புள்ள அம்மாளுக்கு என்பது வரையில் ஓடும். பிறகு 'சி' என்று ஒரு எழுத்து எழுதிவிட்டு, அதை 'மி' ஆக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மெ சியெந்தோ. உட்கார்ந்திருக்கிறேன்.